பொட்டலம் உன் கைக்கு வரட்டும்

கண்ணு,

பேசுவது உன் அம்மா. எழுதுவது உன் தங்கச்சி செல்வி. கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் வாய்க்கு வந்தபடி சொல்லச் சொல்ல, இவள் தன்னுடைய ஒன்பதாம் வகுப்புத் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்பா முன்னறையில் தூங்குகிறார். அவர் இருமும்போதெல்லாம் இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு விளக்கைக் கையால் மறைக்கிறாள். உனக்குக் கடிதம் போடக் கூடாது என்று அப்பா எங்கள் இருவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சை மீறி இந்த வீட்டில் ஒரு காரியம் நடப்பது இவளுக்குப் புதிது. சாயங்காலத்திலிருந்தே முகம் வெளுத்துப்போய் இருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டாதே.

நலம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்கிறாள் செல்வி. நீயும் மருமகள் சரசுவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நான் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நேரம் இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலைக்குள் நீ இங்கே வந்து சேர வேண்டும்.

போன மாதம் அப்பாவுக்கு வாயுப்பிடிப்பு என்று உனக்குச் சொல்லி அனுப்பினோமே, அது பொய். மேட்டுத்தோட்டம் எஸ்டேட்டுக்கு ரிப்பேர்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வழியாக வந்த ஜீப்பில் தூக்கிப்போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உன் மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் படுத்திருந்தார். நான் வராந்தாவில் நின்றுகொண்டு, இப்படியே நடந்தால் ஐந்து நிமிஷத்தில் என் பிள்ளை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நாலு நாளும் நினைத்தேன். அவர் விடவில்லை. "அவன் கடை போட்டு எட்டு மாசங்கூட ஆகல புள்ள. இப்ப அவன இழுத்தா வாடிக்கை நிக்காது. சொன்னீன்னா நான் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவேன்" என்றார். சொன்னதைச் செய்கிற ஆள்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று வாரம் முழுதாக ஓய்வு, மேடு ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இத நல்லா கேட்டுக்குங்கம்மா. வேலைன்னு ஒரு சேதி அவரு காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா எந்திரிச்சுப் போயிடுவாரு. நாலு நாள்ல ஆளத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னொரு தடவ வந்தா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் நாள் ராத்திரி அப்பா, வார்டில் தரை துடைக்கிற ஆளைக் கூப்பிட்டு, யாராவது பொட்டலம் கொண்டுவந்தால் தன்னை எழுப்பிவிடச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஆள் அதை நர்ஸிடம் சொல்ல, என்ன பொட்டலமோ என்று பயந்துபோய் அவருடைய தலையணைக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறார்கள்.

நான் அழுது அழுது, ஒரு வழியாக மூன்று வாரம் மேட்டூரில் உன் பெரியம்மா வீட்டில் போய்ப் படுத்திருக்கச் சம்மதித்தார். திங்கட்கிழமை முதல் பஸ். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. செல்வியை உட்காரவைத்து எட்டு எஸ்டேட்டிலும் கணக்கு எழுதும் ரைட்டர்களுக்கு எட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். இன்ன தேதியிலிருந்து நான் மேட்டூரில் இருப்பேன், கூப்பிட்டுக் கொடுக்கும் பக்கத்து மளிகைக் கடையின் பி.பி. நம்பர் இது, போன் கிடைக்காவிட்டால் பொட்டலத்தைக் கண்டக்டர் பெருமாளிடம் கொடுத்தால் அவர் சேலம் ஸ்டாண்டில் மேட்டூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று எல்லாச் சீட்டிலும் எழுதவைத்து, திங்கட்கிழமை போகும்போது கொடுக்க எடுத்துவைத்திருக்கிறார். பழம் பறிப்பு இப்போதுதான் மும்முரமாகியிருக்கிறது. எட்டு எஸ்டேட்டில் ஒன்றிலாவது அந்த மூன்று வாரத்தில் பல்ப்பர் மிஷின் நிற்காமல் இருக்குமா? இவர் போய்ச் சேரும் முன்பே பொட்டலம் போய்ச் சேர்ந்துவிடும். இவர் எழுந்து உட்காருவார். சட்டையைப் போடுவார். மலை ஏறுவார். அதோடு முடிந்தது.

பொட்டலம் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் வந்தது என்பது செல்விக்குத் தெரியாது, கேட்கிறாள். அப்பா எஸ்டேட் என்ஜின் ரூம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ரிப்பேர் வேலைக்கு வந்த புதிது. பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கிவிட வேண்டும். குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், ஒரு வருஷத்து உழைப்பு நாறிப்போகும். மிஷின் நின்றவுடன் ரைட்டர்கள் சீட்டு எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். ஒரே நாளில் மூன்று சீட்டு வரும், மூன்றிலும் அவசரம் என்று எழுதியிருக்கும். எங்கே முதலில் போவது? அப்பா எல்லா ரைட்டரிடமும் நேரில் போய், "சீட்டு வேண்டாமுங்க. குவியலுக்குள்ள கைய உட்டு அடியில இருக்கற பழம் ஒரு பிடி எடுத்துப் பொட்டலமா கட்டிக் குடுத்துவிடுங்க. அது எனக்குச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பழத்தை விரலால் அமுக்கி, மூக்கருகில் வைத்து முகர்ந்து, இது இன்னும் ஆறு மணி நேரம் தாங்கும், இது தாங்காது என்று முடிவு செய்வார். இருபது வருஷமாக இந்த மலையில் அவருக்கு அதுதான் தந்தி, அதுதான் போன்.

அந்தப் பொட்டலம் எங்கெல்லாம் வந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஐந்து வயதில், ஏரியில் படகு ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் அழுதாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். அரைமணி நேரத்துக்குச் சீட்டு வாங்கி, நடு ஏரிக்குப் போயிருக்கமாட்டோம், கரையில் பெருமாள் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்து பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பஸ் நிறைய ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா படகைத் திருப்பச் சொன்னார். கரைக்கு வந்ததும் நம்மை இறக்கிவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மீதி நேரத்துக்குப் படகுக்காரர் நம்மைக் கூட்டிப்போகிறேன் என்றார். நீ மாட்டேன் என்றுவிட்டாய். வீடு வரைக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவை யாருக்கும் தெரியாத ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. இனிமேல் நான் சொல்லப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். உன்மேல் பழி போடவில்லை, சாமி.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். செல்வி எழுதாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது கண்ணு, நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஏழு வயது. செல்வி பிறக்கவில்லை. பெரியம்மா மேட்டூரில் புது வீடு கட்டிக் குடிபோனாள். பறிப்புக் காலம்தான் என்றாலும், கூடப்பிறந்தவள் வீட்டு விசேஷம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா வழக்கம்போலப் பெருமாளிடம் சொல்லிவிட்டு மூன்று நாளைக்கு வந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்தார். அப்படியே தூங்கிப்போனார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கையில் கிரீஸ் கறுப்பில்லாமல் அவர் கையை நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது மேட்டூர் பஸ் கண்டக்டர் ஒருவர் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்து, ஏற்காட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்கள் என்று பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எழுப்பத்தான் போனேன், கண்ணு. தோளில் கைகூட வைத்துவிட்டேன். அவர் தூக்கத்தில் ஏதோ நினைத்துச் சிரித்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பிரித்து அவர் செய்வதுபோலவே ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. எழுந்ததும் சொல்லலாம், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். முகம் கழுவிவிட்டு, ஆற்று மீன் கிடைக்குமா என்று உன் பெரியம்மாவிடம் கேட்டார். அந்தக் குரலில் இருந்த தெளிச்சியைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை. நீ வந்து கையில் என்ன என்று கேட்டாய். "பழம் கண்ணு, சப்பித் தின்னு. அப்பாகிட்ட சொல்லாத" என்று உன்னிடம் கொடுத்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து, இனிப்பை உறிஞ்சிவிட்டுக் கொட்டையை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் துப்பினாய். எல்லாவற்றையும் நீ தின்று முடிக்கும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். காகிதத்தை அடுப்பில் போட்டேன். உனக்கு இது நினைவிருக்கிறதோ இல்லையோ. நீ அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பொட்டலம் மேட்டுத்தோட்டத்திலிருந்து வந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்பாவுக்காகப் பார்த்திருந்துவிட்டு, குவியல் சூடாகிறது என்று ரைட்டர் சத்தம் போட, என்ஜின் பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கம் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கியிருக்கிறான். பழத்தோடு ஒரு கல் போய் உருளையில் மாட்டியிருந்தது. என்ஜினை நிறுத்தாமல் மூடியைத் திறந்து, கல்லை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். வலது கையில் நாலு விரல் போயிற்று. இருபத்திரண்டு வயதுப் பையன். நாம் மலைக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேதி சொன்னார்கள். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

பொட்டலத்தை ஏற்றிவிட்டேன் என்று பெருமாள் அண்ணன் தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். அப்பா அந்த மேட்டூர் கண்டக்டரைத் தேடிச் சேலம் ஸ்டாண்டுக்குப் போனார். அவர் தேடிப் போன அன்றைக்கு, அந்த ஆள் கிடைக்கவே கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. கிடைக்கவில்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், "தப்பு பஸ்ஸு மேல இல்ல புள்ள. பறிப்பு நேரத்துல நான் மலைய உட்டு எறங்குனேன் பாரு, அதான் தப்பு" என்றார். அதற்குப் பிறகு இந்தப் பதினேழு வருஷமாக, இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாள் தவிர, பறிப்பு மாதங்களில் ஒரு ராத்திரிகூட அவர் மலையை விட்டு வெளியே தங்கியதில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. செல்வி பிறந்தபோது சேலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார். கடைக்குப் போனாலும் மூன்று இடத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். பொட்டலம் வந்தால், கொண்டுவந்தவரிடம் ஒரே பேச்சைச் சொல்லி அனுப்புகிறார்: "மூடியத் தொறக்காதீங்க. பழத்தத் தண்ணித் தொட்டியில போட்டு வைங்க. நான் வரேன்." இதை ஏன் பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு தடவையும் சொல்கிறார் என்று உனக்கும் செல்விக்கும் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கும்.

மாணிக்கம் அந்த எஸ்டேட்டில் கேட் பார்க்கிறான். உன் கல்யாணத்தில் இடது கையால் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தானே, அவன்தான். என் இலைக்கு வந்தபோது, "அக்கா, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? எனக்கு ஒரு கைதானுங்க, ஆனா வஞ்சனையில்லாம ஊத்துவேன்" என்று சிரித்தான். பந்தியே சிரித்தது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

நீ பத்தொன்பது வயதில் இந்த வேலை வேண்டாம் என்று கிளம்பினாய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "எவன் கூப்புட்டாலும் நாயாட்டம் ஓடறதுக்கு என்னால முடியாதுப்பா. எனக்குன்னு ஒரு நாளு வேணும்" என்றாய். அப்பா ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் அப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்று அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஓடுகிற மனுஷனை ஒரு மத்தியானம் நிறுத்தி வைக்கப் பார்த்து, அவர் காலம் முழுக்க உட்காரவே முடியாதபடி செய்துவிட்டேன். நீ போன பிறகு அவர் உன் சின்ன ஸ்பேனரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அது அவருக்கு உதவாத அளவு. இருந்தாலும் சுமந்துகொண்டுதான் போகிறார்.

நீ மட்டும் என்ன செய்கிறாய்? கல்யாணமானதும் சரசுவை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனாய். நான் அவளிடம் அருவி எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை கள்ளமில்லாமல், "அருவியப் பாத்ததவிட எஸ்.டி.டி. பூத்தைத்தான் நொம்ப நேரம் பாத்தேனுங்க அத்தை" என்றது. ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் மோட்டார் கேட்டு வந்துவிடுவாரோ, கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடுவாரோ என்று பக்கத்துக் கடைக்கு நாலு தடவை போன் செய்தாயாம். பரிசலில் ஏறாமலே மறுநாள் திரும்பிவிட்டீர்களாம். நான் சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்கு வந்து அழுதேன். சம்பளக்காரனுக்கு லீவு என்றால் அவன் மேஜையில் வேறு ஆள் உட்காருவான். சொந்தத் தொழில்காரனுக்கு அப்படி யாரும் இல்லை. அப்பா பயந்தது இன்னொரு மாணிக்கத்துக்கு. நீ பயப்படுவது வாடிக்கைக்கு. பயம் வேறு, ஓட்டம் ஒன்றுதான்.

இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வேலை கூப்பிடுகிற சத்தம் கேட்காத இடமாகத் தேடிப் போய் ஒளிந்துகொள்வது ஓய்வு இல்லை. நான் அப்படித்தான் அவரை ஒளித்தேன், அங்கே ஒருவன் கை போயிற்று. எங்கே போனாலும் விலாசம் சொல்லிவிட்டுப் போய், காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுப்பதும் ஓய்வு இல்லை. அவர் அப்படித்தான் பதினேழு வருஷம் படுத்தார், இப்போது நெஞ்சு போயிற்று. கூப்பிட்டால் எழுந்து போக நமக்குப் பதிலாக ஒருவன் இருக்கிறான், அவனுக்கு வேலை தெரியும், அவன் ஒளிக்கமாட்டான் என்று தெரிந்தால்தான் மனுஷன் கண்ணை மூடித் தூங்குவான். நீயும் உன் பக்கத்துக் கடைக்காரரோடு பேசி, நீ போனால் அவர், அவர் போனால் நீ என்று ஒரு ஏற்பாடு செய்துகொள். நாளைக்குப் பிள்ளை பிறந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதே. சரசு சிரித்துக்கொண்டு சொல்கிற காலத்திலேயே செய்.

அப்பாவுக்கு அந்த ஒருவன் நீதான். மலையில் பல்ப்பர் வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை. இருந்த ஒருவரும் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். உனக்குத் தெரியும். ஐந்து வருஷம் அவர் கூடவே போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாய். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வாய் என்று உன் முன்னால் ஒரு நாளும் சொல்லாத மனுஷன், நீ போன பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று வாரம் கடையைப் பூட்டச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாடிக்கை போனால் நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் என்றும் தெரியவில்லை. தெரியாமலே கேட்கிறேன்.

நீ வராவிட்டால் நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயோ புதனோ, மேட்டூரில் அதே வீட்டு வாசலில், ஒரு கண்டக்டர் என் கையில் பொட்டலத்தை வைப்பார். உள்ளே அவர் படுத்திருப்பார். கொடுத்தால் அவர் போய்விடுவார். கொடுக்காவிட்டால் இங்கே எவன் மூடியைத் திறப்பானோ. என் கை என்ன செய்யும் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷமாக அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை அந்த வாசலில் என்னை நிற்கவைக்காதே. பொட்டலம் உன் கைக்கு வரட்டும். நீ இங்கே இருக்கிறாய் என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், எட்டுச் சீட்டையும் அவரே கிழித்துவிடுவார். நீ வந்த பிறகு, மேட்டூருக்குப் போய், அவர் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், அன்றைக்கு நடந்ததை நானே அவரிடம் சொல்வேன். அதுவரைக்கும் நீ சொல்லாதே. ஒரு தடவை சொல்லாமல் இருந்தாய், இன்னும் கொஞ்ச நாள் இரு.

நாளை முதல் பஸ்ஸில் பெருமாள் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடச் செல்வியிடம் சொல்கிறேன். கடை திறக்கும்போது உன் கையில் இருக்கும். வேறு என்ன சொல்ல, கண்ணு. வா.

உன் அம்மா.

அண்ணா, இதற்குக் கீழே நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா போய்ப் படுத்துவிட்டார். நான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ்ஸில் பெருமாள் மாமா என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். "மறக்காம அப்பாகிட்ட குடுத்துரு சாமி, மேட்டுத்தோட்டம்" என்றார். மறுபடியும் மேட்டுத்தோட்டம்தான். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எதுவும் வந்ததா கண்ணு என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லியிருந்ததால் அப்படிச் சொன்னேன். பொட்டலம் என் புத்தகப் பைக்குள்தான் இருக்கிறது. அம்மா மேட்டூர்க் கதையைச் சொல்லும்போது பை என் மடிமேலே இருந்தது. பாதி வரிகளில் எனக்குக் கை ஓடவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். பெருமாள் மாமா அதே பஸ்ஸில் திரும்பி அந்த எஸ்டேட் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இறங்கும்போதே, அப்பா சொல்லச் சொன்னதாகச் சொல்லி, மூடியைத் திறக்க வேண்டாம், பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வையுங்கள், காலையில் வருவோம் என்று ரைட்டரிடம் சொல்லிவிடச் சொன்னேன். அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே அப்பா சொன்னதாக நான் எப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. தினமும் அதே பேச்சுத்தானே என்று நினைத்திருப்பார். அவர்கள் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் யாராவது திறந்துகொண்டிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவை எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முன்னறை வரைக்கும் போனேன். அவர் தூங்குகிறார் அண்ணா. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்து இரண்டாகப் பங்கிட்டிருக்கிறேன். பாதி இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஒரு பழத்தை அமுக்கிப் பார். இப்போது கெட்டியாக இருக்கிறது. உன் கைக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தால், தண்ணீரில் இருப்பது எத்தனை மணி வரைக்கும் தாங்கும் என்று உனக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அம்மா சொன்ன திங்கட்கிழமை வரைக்கும் இது தாங்காது. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன், வளைவுக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். பத்தரை மணிக்கு இங்கே வரும் பஸ்ஸில் நீ வரவில்லை என்றால் இதை நான் அப்பாவிடம் கொடுத்தாக வேண்டும். ஒளித்துவைக்க என்னால் முடியாது. கொடுக்கவும் என்னால் முடியாது.

ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து வா. பஸ் வளைவில் திரும்பும்போதே கையை வெளியே நீட்டு. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.